முள்ளங்கிச் சைகை

வலது கையை மேசைமேல் வாலைப்போல ஆட்டுகிறார் மடாதிபதி வோல்க்மார். பண்டகசாலைத் துறவி மீன் தட்டை அவர் பக்கம் தள்ளுகிறார். எங்கள் ஆசீர்வாதப்பர் மடத்து உணவறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் சைகைதான். கையை ஆட்டினால் மீன். இரண்டு கை விரல்களையும் சேர்த்து வட்டம் காட்டினால் ரொட்டி. கரண்டியால் காற்றைத் தோண்டினால் முள்ளங்கி.

மற்றவர்களுக்கு இது விதி, இவருக்கு வசதி. சொல்ல விரும்பாத பதிலையெல்லாம் சாப்பாட்டு வேளைக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வார். பின்னால் யாராவது கேட்டால், "நான் ஏதாவது சொன்னேனா?" என்பார். சொல்லவில்லைதான். பேரரசரின் தூதரும் கோமகனின் தூதரும் ஒரே வாரத்தில் இந்த மேசையில் சாப்பிட்டார்கள். மடம் தங்கள் பக்கம் என்று இருவருமே ஊருக்கு எழுதி அனுப்பினார்கள். பழைய முறைக்காரரும் புதுப் போதனைக்காரரும் வெட்டிக்கொண்ட ஒன்பது வருஷத்தில் எங்கள் பள்ளத்தாக்குக்குள் எந்தப் படையும் நுழையவில்லை. அதற்காக அவரை மெச்சலாம். அவரிடம் ஒரு காரியமாகப் போய் நின்றவர்கள் மெச்ச மாட்டார்கள்.

நான் மடத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்பவன். மலையூற்றிலிருந்து சமையலறை வரை, துளையிட்ட பைன் மரக் குழாய்கள் நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு முன்னால் அப்பா பார்த்த வேலை. எங்கள் தொழிலில் ஓர் அடைப்பான் திறந்திருக்கும், இல்லையென்றால் மூடியிருக்கும். வோல்க்மார் பதினான்கு வருஷமாகப் பாதி திருகிய அடைப்பான். ஊற்றுவாய் இடிந்துவிட்டது என்று ஓடினால், வாத முழங்காலில் முட்டைக்கோஸ் இலையைக் கட்டிக்கொண்டு, தன் கிழிந்த காலுறையைத் தானே தைத்தபடி கேட்பார். தையல் அத்தனை நேராக இருக்கும். பதில் எப்போதும் ஒன்றுதான். "பாப்போம்பா."

போன செவ்வாய்க்கிழமை அப்பா இறந்துபோனார். காலையில் இன்னமும் இரண்டு பேருக்குக் கஞ்சி வைத்துவிடுகிறேன்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஊருக்குள் வந்த புதுப் போதகரிடம் அவர் நற்கருணை அப்பத்தோடு திராட்சரசக் கிண்ணத்தையும் வாங்கிக் குடித்திருந்தார். பழைய முறையில் எங்களுக்கு அப்பம் மட்டும்தான். கிண்ணம் சாமியாருக்கு. அந்த ஒரு மிடறுக்காக, மடத்துக் கல்லறையில் அவருக்கு இடமில்லை என்றுவிட்டார் துணைத்தலைவர் எர்லாஃப். அம்மாவை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு பெட்டிக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன்.

மடாதிபதியிடம் போனேன். புதன்கிழமை, பாப்போம்பா. வியாழக்கிழமை கோமகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"குழாயப் பத்திக் கேளு, சொல்றேன். குழியப் பத்திக் கேக்காதப்பா."

"சாமி, நாளைக்கு மூணு நாளாயிடும். உடம்பு தாங்காது."

"உங்கப்பன் குடிச்சது சரி. ஊரையே கூப்பிட்டு வச்சுக்கிட்டா குடிப்பான்?"

நான் அதற்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் இறகை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் உணவறை வாசலில் போய் நின்றேன். இந்த முறை கேட்கவில்லை. சும்மா நின்றேன். சூப்பைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கரண்டியை எடுத்து, காற்றில் இரண்டு முறை தோண்டினார். முள்ளங்கி வந்தது. அதைத் தொடாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு மீனைத் தின்றார்.

நான் நேராகக் கல்லறைக்குப் போனேன்.

வந்து உதவிய மைத்துனருக்கு அந்தச் சைகைமேல் சந்தேகம்தான். குழி மார்பளவு இறங்கியபோது எர்லாஃப் நான்கு துறவிகளோடு வந்தார். யார் தோண்டச் சொன்னது என்றார். மடாதிபதி கரண்டியால் காட்டினார் என்றேன்.

"அது முள்ளங்கிடா, மடையா."

மண்ணை உள்ளே தள்ளச் சொன்னார். கூச்சல் கேட்டு வோல்க்மார் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். தோண்டச் சொன்னது தாங்களா என்று எர்லாஃப் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

"நான் ஏதாவது சொன்னேனா?"

"அப்ப மூடிடலாமா சாமி?"

முழங்கால் குத்துகிறது என்று முனகினார். நிற்க முடியவில்லை என்றார். பிறகு குழியோரம் குவிந்திருந்த மண்மேல் ஏறி, முழுப் பாரத்தோடு உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டார்.

எர்லாஃப் மறுபக்கம் சுற்றி வந்து பார்த்தார். அங்கே மண் இல்லை. நான் தோண்டினால் ஒரே குவியலாகத்தான் போடுவேன். மடாதிபதியின் அடியிலிருந்து மண்ணை அள்ளும் துணிவு ஐந்து பேரில் ஒருவருக்கும் இல்லை. பிற்பகல் ஜெபத்துக்கு மணி அடித்தது. மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதும் விதிதான். போனார்கள். எர்லாஃப் கடைசியாகப் போனார்.

நானும் மைத்துனரும் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினோம். வோல்க்மார் ஜெபம் சொல்லவில்லை. ஆசீர்வதிக்கவில்லை. நாங்கள் கயிற்றை உருவி எடுக்கும்வரை ஆப்பிள் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு தடியை ஊன்றி எழுந்தார். குனிய முடியாமல் குனிந்து, கிடந்த மண்வெட்டியை எடுத்து, அதன் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.