மதினிக்கு நான் கேட்ட பிரெஞ்சுப் பாடம்

எனக்கு மூன்று பாஷை தெரியும் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். தமிழ் தெரியும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு, சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். மூன்றாவது பிரெஞ்சு. அதில் குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொன்னால் எனக்கு வராது. ஆனால் அந்தப் பாஷையில் படித்தவர்களே தடுமாறுகிற ஒரு பழைய வாய்பாடு உண்டு. அதை நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு பேருக்கும் இன்றைக்கும் பிசகாமல் சொல்வேன். ஆசைப்பட்டுப் படித்ததல்ல. வயிற்றெரிச்சலில் படித்தது. அப்படிப் படித்தது அழியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் தறி ஓட்டினார். நான் ஒரே பிள்ளை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அம்மாவோடு வீட்டில் பேண்டேஜ் சுருட்ட உட்கார்ந்துவிட்டேன். அதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. நான் சுருட்டியது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தது என்று ஒருவர் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துணிக்கட்டு கொண்டுபோவார். திரும்பி வருகையில் இலையில் மடித்த பால்கோவா கையில் இருக்கும். முதல் விள்ளல் என் வாய்க்கு. அம்மாவுக்குக்கூடப் பிறகுதான்.

இந்த ராஜ்ஜியத்தில்தான் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் தங்கை, பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். மாமா காய்ச்சலில் போய்விட, ஒரு தகரப்பெட்டியோடும் மகளோடும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அத்தை மகள் என்றால் முறைக்கு மதினி. வந்த முதல் சனிக்கிழமையே முதல் விள்ளல் மதினியின் வாய்க்குப் போனது.

“தகப்பன் இல்லாத பிள்ளைட்டி,” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

என் தகப்பன் இருக்கும்போதே எனக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்ததை நான் யாரிடம் சொல்ல?

பால்கோவாவைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவளுடைய பிரெஞ்சைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் அப்பா முகம் கழுவிவிட்டு வந்து, “மருமகளே, அந்தப் பாஷையில ஒண்ணு எடுத்து விடு, பாப்போம்,” என்பார். அவள் கையைக் கட்டிக்கொண்டு எதையோ சொல்வாள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒரே சீறலாக இருக்கும். ஒரு சொல் புரியாமலே அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார். தெருவில் போகிறவரை நிறுத்தி, “ஏலே, இங்க வா. எம் மருமக பிரெஞ்சுல வெளுத்து வாங்குதா, செத்த நேரம் கேட்டுட்டுப் போ,” என்பார். நான் சுருட்டிய பேண்டேஜைக் காட்ட அவர் ஒருத்தரையும் கூப்பிட்டதில்லை.

அந்தச் சீறலுக்கு ஒரு காரணம் இருந்தது. பாண்டிச்சேரியில் மதினிக்கு ஒரு பெரியப்பா இருந்தார். பிரெஞ்சு வாத்தியார், பிள்ளையில்லாதவர். கொஞ்ச நாளில் பெண்சாதியோடு பிரான்சுக்கே குடிபோகிறவர். ஈஸ்டர் முடிந்து இராஜபாளையம் வருவதாகவும், மதினி பாடத்தை ஒழுங்காக ஒப்பித்தால் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்க வைப்பதாகவும் அத்தையிடம் சொல்லியிருந்தார். எந்தப் பாடம்? பேச்சில் யாரும் எடுக்காத, பழைய புத்தகங்களில் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு வினை வடிவம். அது வாயில் வந்தால்தான் பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்பது அவர் கட்சி.

இதை அத்தை என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. பாடம் வந்தால் மதினி போய்விடுவாள்! அன்றிலிருந்து அந்தப் பாடத்துக்கு என்னைப்போல் காவல் கிடையாது.

“ஏட்டி, சொல்லு. நான் கேக்கேன்.”

“உனக்கு எழுத்தே ஒழுங்கா தெரியாதே,” என்றாள் அவள்.

“காது இருக்குல்லா? சொல்லு.”

அவள் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து சொல்வாள். நான் கீழே உட்கார்ந்து சுருட்டிக்கொண்டே கேட்பேன். எப்படி அந்தச் சொல்லைக் கட்டுவது என்றும் வாயாலேயே எனக்கு விளங்க வைத்தாள். நடந்து முடிந்ததைச் சொல்ல அவர்களுக்கு ஒரு பழைய வாய்பாடு இருக்கிறது. அதில் ‘நீ’க்கு வருகிற சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் வாலில் ஒரு சீறலைக் கட்டினால் இது வந்துவிடும். சில சொல் ‘ஆஸ்’ என்று சீறும், சில ‘ஈஸ்’ என்று சீறும், சில ‘யூஸ்’. ‘அவன்’ வருகிற இடத்தில் மட்டும் சீறல் அடங்கிவிடும். அதற்குப் பதிலாக எழுதும்போது அந்த எழுத்தின் தலையில் ஒரு குல்லா வைப்பார்களாம்.

“எப்ப இதைச் சொல்லணும்?” என்று கேட்டேன்.

“வேணும்னு நெனச்சேன், பயந்தேன், காத்துக்கிட்டு இருந்தேன், இப்படி ஏதாவது சொல்லிட்டு அதுக்குப் பின்னால சொல்லணும். நெனச்சது அப்போவா இருக்கணும். இப்ப நெனைக்கிறதுக்கு வேற இருக்கு.”

“நெனச்சது நடந்துச்சா?”

“அது இதுல தெரியாது.”

“நடந்துச்சா இல்லையான்னே தெரியாததுக்கு இம்புட்டுச் சீறலா?”

அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

நிறையச் சொல் இருந்தாலும் எனக்கு நாக்கில் ஏறியது இரண்டு. ஒன்று ‘பார்த்தீஸ்’. இன்னொன்று ‘ரெஸ்தாஸ்’. “கெ ழெ பார்த்தீஸ், கெ த்யு பார்த்தீஸ், கில் பார்த்தீ...” என்று அவள் இழுக்க, நான் பேண்டேஜை ஒவ்வொரு சுற்றாகச் சுருட்டுவேன். அர்த்தம் கேட்கவில்லை. எனக்கெதற்கு? சீறல் சரியாக விழுந்தால் போதும். தப்பு விட்டால் கெண்டைக்காலில் கிள்ளுவேன். அவளும் அத்தையிடம் கோள் சொல்லாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பெரியப்பா வருகிற வாரத்தில் அவளிடம் கிள்ளுவதற்கு ஒரு பிழை மிஞ்சவில்லை.

“நான் போயிட்டா நீ சாயங்காலம் என்ன செய்வ?” என்று ஒருநாள் கேட்டாள்.

“பேண்டேஜ் சுருட்டுவேன். நீ சொல்லு.”

“அங்க பெரியப்பா வீட்டுல யாரும் எங்கூட உக்கார மாட்டாங்க.”

“உக்காராட்டா என்ன, நாற்காலி இருக்கும்லா? சொல்லுட்டி.”

பெரியப்பா குடையும் முழுக்கால் சட்டையுமாக வந்து சேர்ந்தார். தெலுங்குக்கார வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வந்தது. அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். மதினிக்கு நானே தலைசீவி இரட்டைச் சடை இழுத்துக் கட்டினேன். போகிற பிள்ளை பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று என் சிவப்பு ரிப்பனையும் கொடுத்தேன்.

அடுக்களைக் கதவிடுக்கில் நின்றுகொண்டேன். முதலில் அவர் கேட்டதையெல்லாம் மதினி தண்ணீராகச் சொன்னாள். அவர் தலை அசைய அசைய அப்பாவின் முகம் என்னவோ வாடிக்கொண்டு வந்தது. எனக்கு அப்போதே பால்கோவா வாசம் வந்துவிட்டது.

“பார்த்தீர்,” என்றார் அவர். ‘பார்த்தீஸ்’ வாய்பாட்டின் தலைச்சொல் அது.

மதினி கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: பார்த்தீஸ், பார்த்தீஸ். அதை நன்றாகப் பார்த்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி, “கெ ழெ ரெஸ்தாஸ்,” என்றாள்.

“அதில்லம்மா. பார்த்தீர்.”

“கெ ழெ ரெஸ்தாஸ்.” இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

நான் கதவைப் பிறாண்டினேன். அவர் மறுபடியும் கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு ரெஸ்தாஸை ஆறு பேருக்கும் சொல்லி முடித்தாள். ஒரு சீறல் தவறவில்லை. அவன் வருகிற இடத்தில் அடங்க வேண்டியது அடங்கியது. ஆனால் கேட்டது அதுவல்லவே!

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் வெகுநேரம் துடைத்தார். பிறகு அத்தையிடம், “பிள்ளைக்கு இன்னும் பாடம் வரல. இங்கயே இருக்கட்டும்,” என்றார். சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார்.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். அப்பாவோ, “போகட்டும் மருமகளே. நாம குடிக்கிற கஞ்சியில உனக்கு இல்லாததா?” என்று அவள் தலையைத் தடவினார். நான் சீவிவிட்ட தலை.

கொல்லைப்புறத்தில் அவளைப் பிடித்தேன். “ஏட்டி, தெரிஞ்சுக்கிட்டே ஏன் மாத்திச் சொன்னே?”

“சரியாத்தான் சொன்னேன்,” என்றாள். ரிப்பனையும் திருப்பித் தரவில்லை.

என் தகப்பனை முழுசாக எடுத்துக்கொள்ளத்தான் தங்கிவிட்டாள் என்று முடிவுகட்டினேன். அந்த முடிவை மாற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த அன்றைக்குக்கூட என்னைவிட அவள் அழுகைதான் தெருமுனைவரை கேட்டது. அதையும் நான் மறக்கவில்லை.

மதினி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் பஸ் ஏறிப் போனால், வந்தவர் போனவரிடமெல்லாம், “எம் பாடத்தைக் கேக்க உக்காந்தவ இவ ஒருத்திதான். கையில அம்புட்டு வேலை கெடக்கும், ஆனா ஒரு நாள் விட்டதில்ல,” என்று ஆரம்பித்துவிடுவாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

போன மாதம் என் மகன் வயிற்றுப் பேத்தி, கல்லூரியில் பிரெஞ்சு எடுத்திருப்பவள், செல்போனைப் பார்த்து ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த நான் ரெஸ்தாஸை எடுத்து விட்டேன்.

“அப்பத்தா! இதையெல்லாம் இப்ப யாரும் பேசுறதில்லையே, உங்களுக்கு எப்படி?” என்று வாயைப் பிளந்தாள்.

“அது கெடக்கட்டும். அர்த்தம் என்ன?”

“நான் போகாம இங்கயே இருக்கணும்னு...”

“பார்த்தீஸ்?”

“நான் போகணும்னு.”

பூண்டு கையிலேயே இருந்தது. அந்தக் கதவிடுக்கில் நின்று நான் போகச் சொல்லியிருக்கிறேன், அவள் பாஷையிலேயே. அவள் அதை நான் பாசத்தில் பாடம் எடுத்துக் கொடுப்பதாக நினைத்து, இருக்கணும், இருக்கணும் என்று ஆறு பேர் வாயாலும் சொல்லியிருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்தவருக்கு விளங்கியிருக்கிறது. விளங்காமல் கதவைப் பிறாண்டியவள் நான் ஒருத்திதான்.

அவள் தங்கியது என் தகப்பனுக்காக என்றுதான் ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது. கீழே உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டுகிற ஒருத்தியை விட்டுப் போக மனம் வராமலும் ஒரு பிள்ளை தங்கும் என்பது எனக்குத் தெரியாது.