ஆறாவது ஸ்பீக்கர்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நான் ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்கிற ஆள் என்று என் வீட்டுக்காரி உங்களிடம் போட்டுக்கொடுக்கக்கூடும், காதில் வாங்காதீர்கள். வரி அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்து ஊரார் புளுகையெல்லாம் மோப்பம் பிடித்தவன் நான். புளுகு என்றால் என் மூக்கு அரிக்கும். இதை எழுதும்போது அரிக்கவில்லை. இன்னொன்று, பேய் வர நடுராத்திரி வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த வேளையே போதும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் சரி.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சகலை. புதிதாக ஹோம் தியேட்டர் வைத்து, எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். படத்தில் ஹெலிகாப்டர் வந்தபோது படத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "என்ன சகல, குனிஞ்சிட்டீங்க?" குனிந்தது உண்மைதான். அந்த ஹெலிகாப்டர் என் வழுக்கையை உரசிக்கொண்டல்லவா போனது! அன்றே சபதம் எடுத்தேன். இந்த மனுஷனை சோபாவுக்கு அடியில் ஒளியவைக்கிற மாதிரி ஒரு செட் வாங்காமல் விடுவதில்லை.

கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் கட்டைக்குரல். அவர் பேசினால் வூஃபரே தேவையில்லை. கடையின் பின்பக்கம் டெமோ அறை. நான்கு சுவரிலும் கறுப்புப் பஞ்சு. கதவு மெத்தை கனம்.

"இதுக்குள்ள தொண்டை கிழியக் கத்தினாலும் வெளிய கேக்காது சார்" என்றார் பெருமையாக.

ரூம் ஸ்ப்ரே வாசனை மூக்கை அடைத்தது. பின்சுவரில் மட்டும் பஞ்சு புதுசு. கவனித்தேன். கேட்கவில்லை.

கடலில் மழை பெய்கிற ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார். முதல் செட்டில் கடலே தகரக் கொட்டகைக்குள் கிடந்தது. இரண்டாவதில் வசனமெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. மூலையில் தூசியோடு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன்.

"அது விக்கிறதில்ல சார். என் மச்சான் ஆசையா செட் பண்ணது."

"மச்சான் எங்க?"

"பார்ட்னரா இருந்தான். சொல்லாம கொள்ளாம எங்கயோ போய்ட்டான்."

என் மூக்கு அரித்தது.

வற்புறுத்தியதும் இணைத்துவிட்டு, போன் வந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. திரையில் மழை ஆரம்பித்தது. அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால்...

தொப். தொப். தொப்.

மெத்தையை யாரோ உள்ளங்கையால் அறைகிற சத்தம். பிறகு மெல்லிய குரல். "மச்சான்... கதவத் தொற..."

கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. பயந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? கடைக்காரர் திரும்பி வந்ததும் துள்ளிக் குதித்தேன்! "இதுதான்யா சவுண்டு! இதையே கட்டுங்க!" அவர் இழுத்தடித்தார். நான் விடவில்லை.

வீட்டில் மாட்டியாயிற்று. அதே படம். அதே மழை. கதவு தட்டும் சத்தத்தைக் காணோம். படம் முழுக்கப் பார்த்தேன். கதை மொத்தமும் ஒரு படகில் நடக்கிறது. அதில் கதவே கிடையாது.

மறுநாள் சகலை வருகிறார். கடைக்குப் போன் போட்டேன். "'மச்சான் கதவத் தொற'ன்னு பின்னாடி ஒரு குரல் வருமே, அது வரலீங்க."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. பிறகு, "இப்பவே வரேன்."

வந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இதக் குடுத்துடுங்க சார். புதுசு தரேன்."

"அதெல்லாம் முடியாது. முதல்ல அளந்து பாருங்க."

"ஆம்பளைங்களுக்கு விளையாட்டுச் சாமான் கேக்குது" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள்.

அளப்பது என்றால் இதுதான். நாம் உட்காரும் நாற்காலியில் சின்ன மைக்கை வைப்பார்கள். ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்ஸ்' என்று சத்தம் அனுப்பும். மைக் கேட்கும். எத்தனை ஸ்பீக்கர், எது எவ்வளவு தூரம் என்று திரையில் காட்டும். அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது. திரைச்சீலையை இழுத்துவிட்டேன். இருட்டியது.

உஸ்ஸ். உஸ்ஸ். உஸ்ஸ்...

திரையில் வந்தது: ஸ்பீக்கர் ஆறு.

நாங்கள் இணைத்தது ஐந்து.

ஆறாவது, பின்னால், மூன்று மீட்டர். அங்கே வெறும் சுவர்.

அவர் அழித்துவிட்டு மறுபடி அளந்தார். ஆறு. இரண்டு மீட்டர்.

மூன்றாம் தடவை அவர் பொத்தானைத் தொடவில்லை. அதுவே அளந்தது.

ஒரு மீட்டர்.

"வேணாம் சார்..." மைக்கைப் பிடுங்கக் கையில் எடுத்தார். ஐந்து மூலையிலிருந்தும் 'உஸ்ஸ்' வந்தது.

ஆறாவது, அவர் தோளிலிருந்து வந்தது.

அது மூச்சு.

திரையில் பூஜ்யம்.

"மச்சான்..."

"சாவி எங்கிட்ட இல்லடா!" என்று வெறும் காற்றைப் பார்த்துக் கத்தினார். மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்புகூட என் வாசலிலேயே கிடந்தது.

மறுநாள் காலை கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். கடைக்காரர் கடைசியாகப் போன வீடு எங்களுடையது. டெமோ அறைக்குள் செத்துக் கிடந்தாராம். இரண்டு உள்ளங்கையும் ரத்தம் கட்டி வீங்கியிருந்தனவாம்.

"கதவ யார் பூட்டினது?" என்றேன்.

"அதான் சார் புரியல. கதவு பூட்டவே இல்ல. தள்ளினா தொறந்துக்குது."

பின்சுவரின் புதுப் பஞ்சையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மச்சான் எங்கேயும் போகவில்லை.

சாயங்காலம் சகலை வந்துவிட்டார். செட்டைத் தொடவேண்டாம் என்று வீட்டுக்காரி காலில் விழாத குறை. ஆனால் நான் யார்? அவர் முன்னால் ஜம்பமாக அளந்து காட்டினேன்.

ஸ்பீக்கர் ஏழு.

மழை ஆரம்பித்தது.

தொப். தொப். தொப்.

"சகல... யாரோ கதவத் தட்றாங்க..."

சபதம் நிறைவேறியது. சகலை சோபாவுக்கு அடியில் இருந்தார். பக்கத்தில் நானும் இருந்தேன்.

"மச்சான்... கதவத் தொற..."

இந்த முறை அது கட்டைக்குரல்.

அதற்குப் பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல், நிதானமாக, சிரித்துக்கொண்டே சொன்னது.

"கத்து மச்சான்... நல்லா கத்து. வெளிய கேக்காது."