பின்கதவு பூட்டப்பட்டிருந்தது

கதவக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். தீயணைப்பு அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் மெல்லப் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போய்விடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கதவக்காதான்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவள் அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். தீப்பிடித்த இடத்துக்குப் போய்வந்தவர்கள் கரி படிந்த காகிதத்தில் கிறுக்கிக் கொடுப்பதை அறிக்கையாக அடிக்க வேண்டும். ஏழு வருடம் அடித்தாள். கிடங்கு, விடுதி, அச்சகம் என்று இடம் மாறும். மின்கசிவு, அடுப்பு, அணைக்காத சிகரெட் என்று காரணம் மாறும். ஒரு வாக்கியம் மட்டும் மாறாது: “பின்கதவு பூட்டப்பட்டிருந்தது.” அதற்கு அடுத்த வரி, “விவரம் வருமாறு.” அதன் கீழே மூன்று கட்டம்: பெயர், வயது, நிலை. நிலை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்தான் வரும்.

பத்தொன்பதாவது முறை அந்த வாக்கியத்தை அடித்த அன்று எழுந்து நேரே அப்போதைய அதிகாரியிடம் போனாள்.

“எரிஞ்சப்புறம் ஒக்காந்து அடிச்சு அடிச்சு எனக்கு விரல் மரத்துப்போச்சு சார். எரியறதுக்கு முன்னாடி போய் அந்தக் கதவத் தொறக்கற வேலை ஏதாவது இருந்தா குடுங்க.”

இருந்தது. தேர்வு எழுதினாள், பயிற்சிக்குப் போனாள், ஆய்வாளர் ஆனாள். பதினாறு வருடம் ஆகிறது.

அவள் ஆய்வு செய்யும் விதமே தனி. போனதும் நாற்காலி போடுவார்கள், உட்காரமாட்டாள். கோப்புகளை நீட்டுவார்கள், வாங்கமாட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி, அடியை எண்ணிக்கொண்டே பின்கதவுக்கு நடப்பாள். புகையில் கண் தெரியாதல்லவா, அதனால். நடுவில் மூட்டை கிடந்தால் முட்டிக்கொள்வாள். அவள் முழங்காலில் இருக்கும் தழும்புகள் எல்லாம் மற்றவர்களின் சோம்பேறித்தனம். பிறகு தீயணைப்பு சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் அடியில் கத்தரிப்பூ நிற நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். கூடவே அந்த இடத்தின் பதிவு எண்ணையும் பொடியாக எழுதுவாள். “வீட்டுல நகத்துக்கு ஒரு நாள் போட்டுப் பாத்ததில்ல, சிலிண்டருக்கு மட்டும் சிங்காரமா?” என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்தப் பொட்டுதான் எல்லாவற்றையும் கிளப்பியது.

ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தையல் கூடம். அறுபத்திரண்டு பெண்கள் வேலை பார்க்கும் இடம். அதில் ஒருத்தி கதவக்காவின் கூடப் பிறந்த தங்கை. கடைசி வரிசையில், பின்கதவுக்கு மூன்றடி தள்ளி, அவளுடைய இயந்திரம். ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போய்விட்டது. போகத்தான் வேண்டுமாம், விதி அப்படி. இன்ன தேதி, இன்ன மணிக்கு வருகிறோம், தயாராக இருங்கள் என்று கடிதம் எழுதிவிட்டுப் போய்ப் பார்ப்பதற்குப் பெயர் ஆய்வு. கேட்டால் வயிறு எரிகிறது.

கதவக்கா போனாள், கண்ணை மூடினாள், நடந்தாள், கதவைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு திறந்தது. கீலில் புது எண்ணெய். ஆறு சிலிண்டர்களும் பளபளவென்று சுவரில் தொங்கின. முதலாளி கைகட்டி நின்று சிரித்தார். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நினைத்தபடி முதல் சிலிண்டரைத் தூக்கி அடியைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறத்தில் பொட்டு இருந்தது. அவள் எழுத்தில் எண்ணும் இருந்தது. போன வாரம் இரண்டு தெரு தள்ளி ஒரு பிளாஸ்டிக் கிடங்கில் அவளே வைத்த பொட்டு. ஆறிலும் அதே கிடங்கின் எண். மற்ற நாளில் சுரண்டிவிடுவார்கள் போல, இந்தத் தடவை மறந்துவிட்டார்கள்.

ஆக, சிலிண்டர்கள் ஊர் சுற்றுகின்றன. அவள் எங்கே போகிறாளோ அங்கே அவளுக்கு முன்னால் போய் நின்று சிரிக்கின்றன. பதினாறு வருடமாக எத்தனை இடத்தில் ஒரே சிலிண்டருக்குக் கையெழுத்துப் போட்டோமோ என்று நினைத்தபோது அவளுக்குக் காது சூடாகிவிட்டது. சிலிண்டர் இரவல் என்றால் திறந்த கதவு மட்டும் சொந்தமா என்ன? கையெழுத்துப் போடாமல் இறங்கிவிட்டாள். மாலையில் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“உண்மையச் சொல்லு. அந்தக் கதவு நாளைக்கும் தொறந்திருக்குமா?”

“இருக்கும்க்கா. ஏன் இருக்காது?”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

தங்கை பார்க்கவில்லை. ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“உனக்கென்னக்கா, ஒரு கையெழுத்துல எடத்த மூடிட்டுப் போயிடுவ. நானும் மத்த அறுபத்தோரு பேரும் எங்க போறது? இந்த வயசுல என்னை வேற யாரு சேத்துப்பாங்க? கதவு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். மூணு வருஷமா ஒண்ணும் ஆகலயே.”

“ஆகற நாள் வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதான்.”

“வாயத் தொறந்தா சாவுதானா உனக்கு? நல்லதா நாலு வார்த்தை வராதா?”

தங்கை கொடுத்த காபியைக் குடிக்காமல் கதவக்கா எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. தங்கை சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் அவளை அதிகமாகக் கடுப்பேற்றியது. வேலையா உயிரா என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுகிற நிலைமையைக் கொண்டுவந்தவன் எவன்? அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருப்பான்.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தையல் கூடத்துக்குச் சான்றிதழ் போயிடணும்மா. எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?”

“இருந்துச்சு சார். அதான் சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை பாக்கணும்.”

“பாருங்க, வேணாங்கல. சான்றிதழக் குடுத்துட்டு, அப்புறம் நோட்டீஸ் அனுப்பி ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க.”

“சரிங்க சார்,” என்றாள் கதவக்கா, காதில் விழுமோ விழாதோ என்கிற குரலில். அதிகாரி புதியவர். அந்தக் குரலின் அர்த்தம் அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், தையல் கூடத்தில் போய் நின்றாள். சுவரில் சிலிண்டர் மாட்டிய ஆணிகள் மட்டும் இருந்தன. முதலாளி எழுந்து வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவரைத் தடவி நடந்தாள். துணிக்கட்டு ஒன்றில் இடித்துக்கொண்டாள், சுற்றிக்கொண்டு நடந்தாள். நாற்பத்தொன்றாவது அடியில் கை நீட்டித் தள்ளினாள். கையில் பட்டது பூட்டு.

கண்ணைத் திறந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“தீப்பிடிச்சிருச்சு. தொறங்க.”

“இப்பவா மேடம்?” முதலாளி சிரித்தார்.

“எப்ப வசதிப்படும்னு தீயைக் கேட்டுச் சொல்லட்டுமா?”

சாவி மேற்பார்வையாளர் மேசையில் இல்லை. முதலாளியின் மச்சானிடம் இருந்தது. மச்சான் வங்கிக்குப் போயிருந்தான். போன் போட்டார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாக இயந்திரங்கள் நின்றன. ஆரம்பத்தில் பெண்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்று நிமிடம் ஆனதும் கதவக்கா சொன்னாள்: “பொகை இப்பக் கழுத்து வரைக்கும் எறங்கிருக்கும். எல்லாரும் தரையில உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். சிரிப்பு குறைந்தது.

“துணி திருட்டுப் போகுது மேடம்,” என்றார் முதலாளி. “ரெண்டு வழி இருந்தா யாரு எதை எடுத்துட்டுப் போறாங்கன்னு எப்படிப் பாக்கறது? அதான்.”

“தெனமும் பையைக் கொட்டிக் காட்டிட்டுத்தான போறோம்,” என்றது தரையிலிருந்து ஒரு குரல். பொத்தான் தைக்கிற பெண்.

துணி வெளியே போகக்கூடாதாம். ஆள் வெளியே வராவிட்டால் பரவாயில்லையாம். இதைச் சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு கூசவில்லை பாருங்கள். கதவக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அஞ்சு நிமிஷம்,” என்றாள். “இப்ப இங்க யாரும் இருமக்கூட மாட்டாங்க.”

மின்விசிறி மட்டும் சுற்றியது. எட்டு நிமிடம். பத்து. கடைசி வரிசையில் தங்கை முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல், பூட்டுக்கு மூன்றடியில் உட்கார்ந்திருந்தாள். கதவக்காவுக்கு ஓடிப்போய் அவளைத் தூக்கி நிறுத்த வேண்டும் போல இருந்தது. நிற்க முடியாமல் நின்றாள்.

பதினாறாவது நிமிடத்தில் மச்சான், தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்தான். சாவியைப் போட்டான். திரும்பவில்லை. குலுக்கினான், எச்சில் தொட்டுப் போட்டான், திரும்பவில்லை. முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆய்வு நாளன்று பழைய பூட்டு துருப்பிடித்துத் திறக்காமல் போனதால் அதை உடைத்திருந்தார்கள். மறுநாளே புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டார்கள். இவன் கொண்டுவந்தது உடைத்த பூட்டின் சாவி. புதியது வீட்டில், அலமாரியில்.

கதவக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கை எழுந்தாள். தன் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து, ஊசி மாற்றுகிற சின்னத் திருப்புளியை எடுத்தாள். பூட்டைத் தொடவே இல்லை. பூட்டு தொங்கிய நாதாங்கியின் திருகாணியில் வைத்துத் திருகினாள்.

“ஏம்மா, என்ன பண்ற?” என்றார் முதலாளி.

“நூல் அறுக்கறேன் சார்,” என்றாள் தங்கை, திரும்பாமல்.

நான்கு திருகாணிகள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாதாங்கி பூட்டோடு சேர்ந்து கீழே விழுந்தது. கதவைத் தள்ளியதும் படிக்கட்டு வெளிச்சம் கடைசி வரிசை வரைக்கும் வந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து இறங்கினார்கள். போங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

தங்கை மட்டும் திருப்புளியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மூணு வருஷமா இது என் டிராயர்லதான்க்கா இருக்கு,” என்றாள். அழுதாள். கதவக்கா அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போதும் அவளுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வரவில்லை.

கூடத்தை ஐந்து நாள் மூடி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவும் சொந்தச் சிலிண்டர்களும் வைத்த பிறகுதான் கதவக்கா சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். ஐந்து நாள் கூலி போனதற்குத் தங்கை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆறாம் நாள் வேலைக்குப் போனாள். அதே நாள் கதவக்காவின் மேசைக்கு ஒரு மெமோ வந்தது. முதலாளி சும்மா விடுவாரா? மேலதிகாரிகளிடம் புகார் கொடுத்திருந்தார். விதிப்படி நோட்டீஸ் கொடுக்காமல் ஆய்வுக்குச் சென்றது ஏன் என்று ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டுமாம். கதவைப் பூட்டியவனிடம் விளக்கம் கேட்க ஒரு காகிதமும் கிளம்பவில்லை. திறந்தவளிடம் கேட்க மட்டும் முத்திரையோடு வந்துவிட்டது.

கதவக்கா தட்டச்சு மேசைக்குப் போனாள். அங்கே இருந்த பெண்ணை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். அந்த வாக்கியத்துக்கு விரல்கள் தாமாகவே போயின.

“பின்கதவு பூட்டப்பட்டிருந்தது. விவரம் வருமாறு.”

கீழே மூன்று கட்டம் போட்டாள். பெயர், வயது, நிலை. தையல் கூடத்தின் வருகைப் பதிவேட்டின் நகல் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்து அறுபத்திரண்டு பெயர்களையும் அடித்தாள், ஒன்றையும் விடவில்லை. தங்கையின் பெயர் கடைசியில் வந்தது. நிலை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றையே அடித்தாள்: “இன்று வேலைக்கு வந்திருக்கிறார்.”