‘தரை துடைக்க’ என்று எழுதிய பாட்டில்

எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உப்பு டப்பாவின் மேல் ‘உப்பு’ என்று எழுதியிருக்கும். துவரம்பருப்பு, ரவை, தீப்பெட்டி, தையல் நூல், எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. எழுதியவன் நான். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் முகத்தை எங்காவது கொண்டுபோய் மறைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆரம்பித்து வைத்தது கைபேசி. குறைந்த செலவில் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஓர் அம்மாள் அதில் பாடம் நடத்தினார். அவர் நின்றிருந்த சமையலறைக்குள் எங்கள் வீட்டை வைத்து, பக்கத்தில் ஸ்கூட்டரையும் நிறுத்தலாம். முதலில் ஒரே அளவில் நாற்பது கண்ணாடி ஜாடிகள் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சிக்கனத்துக்கு அவ்வளவு செலவாகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே மாதிரி வரிசையாக நிற்கும் ஜாடிகள் மனதில் உட்கார்ந்துவிட்டன.

என் மனைவி திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். விடிந்ததும் சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புவாள். என் அலுவலகம் உள்ளூரிலேயே என்பதால் எட்டு வயதுப் பெரியவளும் நான்கு வயதுச் சின்னவளும் பாதி நாள் என் பொறுப்பு. ஒரு வீட்டை நடத்துவதற்கு நிர்வாகத் திறமை வேண்டும், அது என்னிடம் இருக்கிறது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு எங்கள் தமிழ்ச் சபையில் எல்லோருக்கும் ரோஸ் மில்க் கொடுத்தார்கள். கூட்டம் கலையும்போது மற்றவர்கள் மிச்சக் கேக்கைப் பொட்டலம் கட்டினார்கள். நான் சமையல்காரரிடம் போய் காலி சிரப் பாட்டில்களைக் கேட்டேன். ஒன்பது கிடைத்தன. இரண்டு பைகளிலும் கலகலவென்று சத்தம் போட்டபடி நான் நடக்க, மனைவி பத்தடி முன்னால், யாரோ போல, போய்க்கொண்டிருந்தாள்.

பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்தேன். ஒன்பதும் ஒரே உயரம், ஒரே மூடி. நல்லெண்ணெய் ஒன்றில், கடலை எண்ணெய் ஒன்றில், பிள்ளைகளுக்கு வாங்கிய ரோஸ் சிரப் ஒன்றில். மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து தரை துடைக்கும் மருந்தைச் சில்லறையாக அளந்து ஊற்றுகிறவரிடம் வாங்கியது இன்னொன்றில். அதுவும் ரோஜா நிறம். ரோஜா வாசனை. கம்பெனிச் சரக்கில் பாதி விலை.

எல்லாவற்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டித் தமிழில் எழுதினேன். கரண்ட் பில் தெலுங்கில் வருகிறது, பஸ் பலகை தெலுங்கில் இருக்கிறது, பள்ளியில் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும். வீட்டுக்குள்ளாவது தமிழ் இருக்கட்டும் என்று நினைத்தேன். மொழிப்பற்றைப் பருப்பு டப்பாவில் காட்டினால் காசு செலவில்லை.

“வூட்ட மளிகக் கடயாக்கிட்டீங்க. கல்லாப்பெட்டி ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா ஒக்காந்துக்கலாம்” என்றாள் மனைவி. அடுத்த வாரம் அவளே சீரகத்தைத் தேடாமல் எடுத்தபோது நான் இருமிக் காட்டினேன்.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு வேண்டியதை அவர்கள் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள், தாங்களே எடுத்துப் பழகட்டும் என்று. அப்படியே செய்தேன். கீழ்த்தட்டில் அவல், பிஸ்கட், ரோஸ் சிரப். மேலே இடம் போதாமல் போனதால் தரை மருந்தும் அங்கேதான் வந்தது. ஆனால் அதில்தான் கொட்டை எழுத்தில் ‘தரை துடைக்க’ என்று எழுதியிருக்கிறதே.

அன்று சனிக்கிழமை. மனைவி திருப்பதியில். நான் கொல்லையில் பள்ளிச் சீருடைகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் தங்கைக்குத் தாகமாக இருக்கும் என்று பெரியவள் தானே முடிவு செய்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடி யாரையும் கூப்பிடாமல் தட்டிலிருந்து எடுத்து, டம்ளரில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஸ்பூனால் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். நிர்வாகம் வெற்றி.

அழுகைச் சத்தம் கேட்டு ஓடினேன். சின்னவள் வாயெல்லாம் நுரை. சட்டை நனைந்திருந்தது. வீடு முழுக்க ரோஜா. பெரியவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய்தான், ஒரே வாய்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாம் என்று நான் உப்பு டப்பாவை எடுத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாதான் அதைப் பிடுங்கி வைத்தார். “ஒத்து அண்ணா, ஒத்து” என்று தெலுங்கில் வேண்டாமெனத் தடுத்தவர் வாசலுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினார். நான்கு பேரும் ஏறினோம். பாட்டிலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவரே.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். குழந்தையின் வாயையும் நெஞ்சையும் பார்த்துக்கொண்டே பாட்டிலைக் கேட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம் ராசாரண்டி தீனி மீத?”

மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். தரை துடைக்க என்று எழுதியிருக்கிறது என்றேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டார். தெரியாது. எந்தக் கம்பெனி? தெரியாது. யார் விற்றது? மொபெட். வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிய ஆள் நான். இந்த ஒன்றைப் பற்றி என்னிடம் இருந்தது அழகான கையெழுத்து மட்டும்தான். டாக்டர் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு நர்சிடம் நீட்டினார். என்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சின்னவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. அந்த இடத்தில் நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். பெரியவள் பக்கம் திரும்பி, அத்தனை பேர் நடுவில், “கண்ணு இன்னா பொடணிலயா கீது? எம்மாம் பெரிசா எழுதி வச்சிருக்கறன்” என்றேன்.

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குத் தமிழு படிக்க வராது நைனா.”

வரும் என்று நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஞாயிறுதோறும் என் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, வரிக்கு வரி விரலை ஓட்டிப் பாடுவாள். ஒரு சொல் தவறாது. தெலுங்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளை தானாகத் தமிழ் படிக்கிறதே என்று சபையில் இரண்டு மூன்று பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் வீட்டுப் பழக்கம் என்று நானும் பதில் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பாட்டுகள் காதால் வந்தவை. விரல் எங்கள் பார்வைக்காக ஓடியது. நான் அவளுக்கு ஓர் எழுத்தும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மாலைவரை வைத்துப் பார்த்தார்கள். விழுங்கியதைவிடத் துப்பியதுதான் அதிகம், மூச்சில் கோளாறு இல்லை, ராத்திரி கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். மனைவி பஸ்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சின்னவளைத் தூக்கிக்கொண்டாள். பெரியவள் நடந்ததைச் சொன்னாள், நான் கத்தியதை மட்டும் விட்டுவிட்டு. அதை நான் சொன்னேன்.

மனைவி சின்னவளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, “அந்தத் தட்டுல ஊத்தி வச்சது யாரு? அவளா?” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த எட்டுப் பாட்டில்களையும் வெளியே போட்டாள். எண்ணெய் எண்ணெயின் பாக்கெட்டிலேயே இருக்கிறது. தரை மருந்து இப்போது கம்பெனிச் சரக்கு, குளியலறைப் பரணில். எனக்கே முக்காலி போட்டால்தான் எட்டும். டப்பாக்களில் நான் எழுதியவை அப்படியே இருக்கின்றன, யாரும் பார்ப்பதில்லை. சின்னவள் அடுத்த நாளே பிஸ்கட் கேட்டாள். எனக்குத்தான் இன்றும் ரோஜா வாசனை ஆகாது. கல்யாண வீடுகளில் பன்னீர் தெளிக்கும் பக்கம் போவதில்லை.

மறு ஞாயிறு சபையில் பெரியவளிடம் வழக்கம்போலப் புத்தகத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி ஐந்து சரணமும் பாடினாள். புத்தகம் என் கையில்தான் இருந்தது. எந்த வரியில் இருக்கிறோம் என்று எனக்குத்தான் தெரியவில்லை.