மீதிக் கால் பங்கு

போர்வெல்லுக்குள் நின்றுபோன மோட்டாரை மேலே தூக்கித் தருவதுதான் பிராங்க்ளின் அண்ணனுக்குத் தொழில். அகரம், தாடிக்கொம்பு பக்கம் எந்தத் தோட்டத்தில் மோட்டார் படுத்தாலும் மேட்டுப்பட்டியில் இருக்கும் அவருக்குத்தான் போன் வரும். குழி மேல் இரும்பு முக்காலியை நட்டு, செயினை மாட்டி, குழாய் குழாயாக இழுத்துக் கழற்றுவார். பாதியில் பிடி நழுவினால் அத்தனையும் உள்ளே போய்விடும், போனது போனதுதான். அதனாலோ என்னவோ, உலகத்தில் எல்லாமே கீழேதான் விழும் என்பதை மனிதர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"எதாவது ஒண்ணு மேல போகணும் தங்கச்சி. இல்லேன்னா கணக்கு நேராகாது" என்பார்.

அந்த ஒன்று எது என்பதை ஒரு யூடியூப் வீடியோ அவருக்குக் காட்டிக்கொடுத்தது. எதிர்ப்பொருள் என்று ஒன்று இருக்கிறதாம். நம்மைச் சுற்றி இருக்கிற பொருளுக்கு நேர் எதிரானது. விஞ்ஞானிகள் அதைக் கொஞ்சமே கொஞ்சம் செய்து காந்தக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். திறந்துவிட்டால் அது மேலேதான் போகும் என்று அண்ணன் கட்சி கட்டினார். என் வீட்டுக்காரர் ஹஸ்ஸானுக்கு பேகம்பூரில் வீட்டோடு சேர்ந்த பெல்ட், பர்ஸ் கடை. அவர் எதிர்க்கட்சி. சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு இவர் கடையில் உட்காரவும் அண்ணனின் வண்டி வந்து நிற்கும். பிறகு பங்காளிச் சண்டைதான். ஈர்ப்பைச் சுமந்து திரிகிற கிராவிட்டான் என்று ஒரு துகள் இருக்கலாம் என்பார் அண்ணன், ஆனால் இதுவரை ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்காததை நான் எப்படி நம்புவது என்று இவர் ஒருநாள் கேட்டார். தொழுதுவிட்டு வந்த வாயால் கேட்கிற கேள்வியா இது என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டிவிட்டது.

இந்தக் கூத்துக்கு டீ போட்டுப் போட்டு எனக்கு எரிச்சல்தான் வரும். அதெல்லாம் கொரோனாவில் அண்ணன் மனைவி செபாஸ்தியம்மாள் அக்கா இறக்கும்வரை. அண்ணனுக்குப் பிள்ளைகள் கிடையாது, அக்காதான் எல்லாம். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டார். வேலைக்குப் போகவில்லை, சாப்பாடு கொடுத்துவிட்டால் தொடவில்லை. பங்குச்சாமியார் வந்து பேசியும் பலனில்லை. கடைசியில் இவர் போய் ஜன்னலோரம் நின்று, "யோவ், ஒன் எதிர்ப்பொருளு மேல போகாதுய்யா, நீ தோத்துட்ட" என்று சத்தம் போட்டிருக்கிறார். அதற்குத்தான் கதவு திறந்தது. அன்றிலிருந்து டீக்கு நான் முகம் சுளித்ததில்லை.

2023 செப்டம்பரில் ஒருநாள் இவர் கடையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். என்னவென்று கேட்டேன். ஐரோப்பாவில் எதிர்ப்பொருளைத் திறந்துவிட்டுப் பார்த்துவிட்டார்களாம், கீழேதான் விழுந்ததாம். நீங்கள்தானே ஜெயித்தீர்கள், மூஞ்சி ஏன் இப்படிப் போகிறது என்றேன்.

"சொல்லிட்டா நாளைக்கு அவன் எதுக்கு வருவான் சபிஹா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டோம். இவருக்குப் பொய் பேச வராது. அதனால் அண்ணன் சொல்வதற்கெல்லாம் இருக்கலாம், இருக்கலாம் என்று தலையாட்டினார். உடம்புக்கு முடியவில்லையா பாய் என்று அண்ணனே கேட்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் அண்ணன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நெய்ச்சோறும் கறியாணமும் எடுத்துக்கொண்டு நானும் இவரோடு மேட்டுப்பட்டிக்குப் போனேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. லைட் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், செய்தியில் பார்த்தேன், விழுந்துவிட்டதாமே, உங்களுக்கு முன்னமே தெரியுமோ என்று கேட்டார். இவர் ஆமாம் என்றார். அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஊருக்கெல்லாம் மேல தூக்கிக் குடுக்குறேன் பாய். அவள மட்டும் நானே கயித்தப் பிடிச்சுக் கீழ எறக்குனேன்" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். இவர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு, கீழே விழுந்தது என்பதோடு நிறுத்திவிட்டாயா, முழுவதும் வாசித்தாயா என்று கேட்டார். அண்ணன் வாசிக்கவில்லை என்று தலையாட்டினார்.

"முழு வேகத்துல விழலய்யா. அளந்து பாத்ததுல முக்கால் பங்குதான் வந்துருக்கு."

அண்ணன் நிமிர்ந்தார். "அப்ப மீதிக் கால் பங்கு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அளவுல அம்புட்டுப் பிசகு இருக்கும்னு அவனே போட்டுருக்கான்."

"பிசகுன்னு நீ சொல்ற. கால் பங்கு மேல தள்ளுதுன்னு நான் சொல்றேன்."

கூறுகெட்டதனமாகப் பேசாதே என்று இவர் பழைய குரலில் கத்தினார். உன் கடை பெல்ட்டை அளக்கிற மாதிரி நினைத்துக்கொண்டாயா என்று அண்ணன் எழுந்து லைட்டைப் போட்டார். நான் தட்டைத் தேடி எடுத்து சோற்றை வைத்தேன். சண்டைக்கு நடுவிலேயே அண்ணன் சாப்பிட்டார், மறுசோறும் கேட்டார்.

அதற்குப் பிறகு இன்றுவரை கால் பங்குச் சண்டைதான். அந்த விஞ்ஞானிகள் இன்னும் துல்லியமாக அளக்கப்போகிறார்களாம், இவர்தான் சொன்னார். நன்றாக அளக்கட்டும். பிராங்க்ளின் அண்ணன் இருக்கிற வரைக்கும் அவர்களுக்கு அந்தக் கால் பங்கு பிடிபடவே கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் நான் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.