சாம்பல் நிறம் போன பிறகு

யெல்காவின் ஜெராக்ஸ் கடை எங்கள் ஊரில் தேவாலயத்துக்கும் தீயணைப்புச் சங்கக் கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பத்திரம், மின்கட்டண ரசீது, இறந்தவர் அறிவிப்பு எல்லாம் அங்கேதான் நகலாகும். கணவன் ஆஸ்திரியாவில் கூரை போடுகிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான்.

ஆள் வராத பிற்பகல்களில் அவள் எங்கள் குன்றுகளின் புகைப்படங்களை இயந்திரத்துக்குள் விடுவாள். வரும் நகலை மறுபடி நகலெடுப்பாள். பிறகு அதையும். ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறம் கொஞ்சம் சாகும். இருட்டின் பக்கம் சாய்ந்திருந்தது கருப்பாகும். வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருந்தது வெறும் தாளாகிவிடும். ஐந்தாறு நகல்களுக்குப் பிறகு குன்று, மரப்பலகையில் செதுக்கி மை தடவி அழுத்தியது போல நிற்கும்.

எல்லாப் படங்களும் நல்லவை என்று சொல்ல மாட்டேன். பாதி வெறும் கரி. அவள் கணவனும் அதையே சொல்வான்: "ஏன்டி, நம்ம அடுப்புல இல்லாத கரியா?" ஆனால் சிலவற்றின் முன் நின்றபோது, இத்தனை வருடம் இந்தக் குன்றைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேனா என்ற சந்தேகம் எனக்கு வந்ததுண்டு.

போன வருடம் மார்ச் கடைசியில், யாரும் எதிர்பார்க்காத பனி விழுந்தது. எங்கள் ஸாகோரியே வட்டாரம் முழுக்கத் திராட்சைக் கொடிகளைக் கத்தரித்து முடித்திருந்த நேரம். யெல்கா எதிர்க்குன்றில் ஏறி எங்கள் சரிவைப் படம் எடுத்தாள். அந்தப் படம் ஆறாவது நகலில் தேறியது: வெள்ளைச் சரிவில் கத்தரித்த கொடிகள் மெல்லிய கருங்கோடுகளாக, வரிசை வரிசையாக, நடுவே வலப்பக்கம் மை கொட்டியதுபோல் ஒரு கரிய திட்டு. அந்தத் திட்டு இல்லாவிட்டால் படம் கோடு போட்ட தாள்தான். அதை வரைபடம் அச்சிடும் பெரிய இயந்திரத்தில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தாள்; சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குத் தீயணைப்புக் கூடத்தில் மாட்டக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

தீயணைப்புச் சங்கத் தலைவர் குஸ்டெக் அதைப் பார்க்க வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அடியே, இது நம்ம இம்ப்ரோ தோட்டம்ல? இன்னும் ஒரு கொடிகூட வெட்டலையே, புதரா கறுத்துக் கிடக்கு! மனுசன் குளிர்காலத் தூக்கத்துலேர்ந்து எழுந்திரிக்கலையா?"

யெல்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக அவள் பார்த்தது கருப்பையும் வெள்ளையையும்தான். அந்தத் திட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பது நினைவிலேயே இல்லை. முதல் புகைப்படத்தில் அந்த இடம் மூடுபனியில் பட்டும் படாமலும் இருந்தது. இப்போது கண்ணுள்ள யாருக்கும் அது தப்பாது.

எங்கள் ஊரில் ஒருவன் கடன்பட்டால் மன்னிப்பார்கள், குடித்தால் மன்னிப்பார்கள். கொடி வெட்டாமல் விட்டவனை முடிந்துபோன ஆள் என்பார்கள். தோட்டம் விலைக்கு வருமா என்று மறுநாளே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

குஸ்டெக் சிரித்த சேதி காதுக்கு எட்டி, மறுநாள் காலை இம்ப்ரோ கடைக்கு வந்தார். கையில் மின்கட்டண ரசீது.

"ஒரு நகல் போடு."

"உட்காருங்க மாமா."

"உட்கார வரல." சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அதுல வெள்ளை பூசிரு."

அவள் சின்ன நகல் ஒன்றை எடுத்து, எழுத்துப்பிழை மறைக்கும் வெள்ளை மையைத் திட்டின் மேல் பூசிக் காட்டினாள். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லையே. எனக்குத் தோட்டமே இல்லாத மாதிரி இருக்கு. நான் செத்துட்டேனா?"

"நீங்கதானே பூசச் சொன்னீங்க."

"அப்ப மத்தவனுக்கு இருக்கிற மாதிரி கோடு போடு."

"போடலாம். ஆனா என் கோட்டுல திராட்சை காய்க்காது, மாமா."

"வாய் மட்டும் நல்லா இருக்கு உனக்கு. மொதல்ல எடுத்த படத்துல இது தெரியலையாமே? அந்தச் சாம்பலைத் திருப்பிக் கொண்டா."

"அது போனா போனதுதான்."

பிறகு அவளே இரக்கப்பட்டுப் பேனாவை எடுத்தாள். "சரி, உங்க வரிசை எங்கேர்ந்து எங்க போகுதுன்னு காட்டுங்க, போட்டுத் தரேன்."

அவர் பெரிய படத்தை நோக்கி வலக்கையைத் தூக்கினார். கை மார்பு வரை வந்து நின்றுவிட்டது. கீழே இறக்கிவிட்டு, இடக்கையால் காட்டினார். யெல்கா படத்தைப் பார்க்கவில்லை. அந்த வலக்கையைப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து?"

"அறுவடையிலேர்ந்து. வீட்டுக்காரி தெரேசாவுக்குக்கூடத் தெரியாது. நாளைக்கு வெட்டுறேன், குளிர் போகட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்." பிறகு, "அவ நம்பல. ஆனா கேக்கவும் இல்ல," என்றார்.

சாம்பல் நிறத்தில் ஒரு கருணை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அதற்குள் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு மனிதன் இருந்துவிட முடியும். ஆனால் அந்தக் கருணை கொடியை வெட்டித் தராது.

யெல்கா பேனாவை மூடினாள். "நீங்க வேணாம்னா நான் மாட்டல. வேற படம் இருக்கு."

இம்ப்ரோ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "மாட்டு," என்றார் கடைசியில். "ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி யாரையும் உள்ள விடாதே."

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தபோது அவர் படத்தின் அடியிலேயே நின்றிருந்தார், பக்கத்தில் தெரேசா. அவளுக்குச் சொல்லியாகிவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. குஸ்டெக் வாய் திறப்பதற்குள் கிழவர் முந்திக்கொண்டார்.

"அந்தக் கருப்பு என்னுது. தோள் போயிருச்சு, கத்தரி பிடிக்க முடியல. சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க."

சிரிக்க வந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. குஸ்டெக் தலையைச் சொறிந்தார். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு. செவ்வாய் வரேன். ஆனா உன் வைனை ஊத்தாதே, வயிறு எரியும்."

"உனக்கு யாரு ஊத்தப் போறா?"

செவ்வாயன்று நான்கு பேர் போனோம், யெல்காவும்தான். பருவம் தப்பி வெட்டினால் கொடியின் வெட்டுவாயிலிருந்து சாறு சொட்டும். சரிவு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. குஸ்டெக் ஒவ்வொரு தண்டிலும் இரண்டு கணு அதிகம் விட்டார். இம்ப்ரோ வரிசைக்கு வரிசை எங்கள் பின்னால் வந்து, இடக்கையால் காட்டிக்காட்டிக் கத்தினார்: "அங்க இல்லடா குருடா, கீழ! இன்னும் கீழ!" மதியம் வரை அவர் ஒருவரையும் பாராட்டவில்லை.