மாமா சொல்கிற மாதிரி

என் தாய்மாமாவுக்குப் பேச்சு திக்கும். அவர் பாதிச் சொல்லில் நிற்கும்போது மீதியை வீட்டில் நாங்களே சொல்லிவிடுவோம். அது பெரிய உதவி என்று எங்களுக்கு எண்ணம். குடும்பத்திலேயே அதில் வேகமானவள் நான். அவர் "த..." என்று தொடங்கியதுமே தண்ணீருடன் போய் நிற்பேன். சில நேரம் அவருக்கு வேண்டியது தலையணையாக இருக்கும். பேசாமல் தண்ணீரைக் குடித்துவிடுவார்.

ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவின் மேல் உல்லாசப் பயணிகள் தங்கும் பங்களாவில் மாமாவுக்கு வேலை. அங்கிருந்த குதிரைகள் அவர் பொறுப்பு. ஒரு ஆகஸ்ட் விடுமுறைக்கு அம்மாவும் நானும் கண்டியிலிருந்து பஸ் ஏறி அவரிடம் போயிருந்தோம். அப்போதுதான் நுவரெலியாவிலிருந்து பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்று வந்திருந்தது. முதுகில் ஏறியவர்களை எல்லாம் அது கீழே தள்ளிக்கொண்டிருந்தது. கண்டியில் பெரஹரத் திருவிழா முடிந்து கூட்டம் மலைக்கு வருவதற்குள் படியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடப்போவதாக முதலாளி சொன்னார். மாமாவின் கையில் ஒரு விசிலையும் கொடுத்தார்.

"ஒனக்குத்தான் பேச்சு வராதே. இத ஊதிப் பழக்கு."

மாமா அதை வாங்கி லாயத்து ஆணியில் மாட்டினார்.

"வா... வாயால சொல்லித்தான் ப... பழக்குவேன் முதலாளி."

பழக்கவும் தொடங்கினார். காலையில் பனி விலகுமுன்பே குதிரையை நீளக் கயிற்றில் கட்டிப் புல்வெளியில் சுற்றி நடக்கவிடுவார். மழை பெய்தாலும் விடமாட்டார். "ந... நட." "தி... திரும்பு." நிறுத்துவதற்குத்தான் அதிகம் திணறுவார். "நி... நி... நில்லு." அந்தச் சொல் முழுதாக வரும்வரை குதிரை காதைப் பின்னால் திருப்பிக் காத்திருக்கும். பிறகு நிற்கும். உடனே அதன் கழுத்தைத் தட்டிக்கொடுப்பார். சில நாட்களில் அவரே ஏறி உட்கார்ந்து, காதருகே குனிந்து பேசிக்கொண்டே ஓட்டினார். வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேசுவதை அதனிடம் ஒரு காலையில் பேசினார்.

நான் வேலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏற வேண்டும். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற்றினார். முதுகை நிமிர்த்தி உட்காரக் கற்றுக்கொண்டேன்.

முதலாளி பார்க்க வந்த நாளில், "பிள்ளைங்க ஏறினா சும்மா இருக்குமா?" என்று கேட்டார். மாமா என்னைச் சேணத்தில் உட்காரவைத்து நடத்திக் காட்டினார். முதலாளி சொன்னதன்பேரில் கயிற்றையும் கழற்றினார். குதிரை ஒழுங்காகவே நடந்தது. அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டில் வந்த தேயிலைக் கொழுந்து லாரி வளைவில் ஹோர்ன் அடித்தது.

குதிரை பாய்ந்தது. புல்வெளியின் கீழ்க்கோடியில் வேலி கிடையாது, பள்ளம்தான். "நில்லு!" என்று முதலாளி கத்தினார். அம்மா கத்தினாள். பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு நானும் "நில்லு, நில்லு" என்று கதறினேன். அது ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை. மாமா வாயைத் திறந்தபடி ஓடிவருவது தெரிந்தது. அவருக்கு முதல் எழுத்துகூட வரவில்லை.

எனக்கு எப்படித் தோன்றியதோ, பல்லைக் கடித்துக்கொண்டு மாமா சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"நி... நி... நில்லு."

குதிரையின் காது பின்னால் திரும்பியது. இன்னொரு முறை, அவரைப் போலவே இழுத்துச் சொன்னேன். ஓட்டம் நடையானது. பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்று மூச்சு வாங்கியது.

ஓடிவந்த அம்மா என்னை இறக்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடமே கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"உயிர் போற நேரத்திலயும் மாமாவப் பழிச்சுக் காட்டுறியா நீ?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "குதிரை இருக்கட்டும்பா" என்றார். மாமா சிரிக்கவில்லை. குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். தோள்கள் குலுங்கின. நான் பக்கத்தில் போய்ச் சட்டையை இழுத்தும் திரும்பவில்லை.

என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அவரே வந்து எழுப்பி என்னைச் சேணத்தில் உட்காரவைத்தபோதும் அந்த எண்ணம் போகவில்லை. அதுவரை அவரைப் போலப் பேசிக் காட்டியவர்கள் எல்லாரும் சிரிப்பதற்காகத்தான் அப்படிப் பேசினார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.